அறுபது சிரஞ்சீவிகள்

பேரை மொட்டையா எழுதறது எனக்கு ஆகவே ஆகாது. கல்யாணத்துக்கு நிக்கிற பையன்னா சிரஞ்சீவி, பொண்ணுன்னா சௌபாக்கியவதி. அது இல்லாம வெறும் ரவிக்குமார், வெறும் லதான்னு எழுதினா ரேஷன் கடையில கார்டுக்காரங்களைக் கூப்பிடற மாதிரி இருக்கும். அல்சூர்ல எங்க வீட்டு முன் ரூமுல 'பாகீரதி திருமணத் தகவல் நிலையம்'னு போர்டு மாட்டின அன்னிக்கே நான் போட்ட சட்டம் இது. கவர் மேல எழுதினாலும் சரி, கம்ப்யூட்டர்ல ஏத்தினாலும் சரி, மரியாதை முன்னாடி வரணும், பேரு பின்னாடி வரணும்.

கம்ப்யூட்டர்ல டைப் பண்ண மமதான்னு ஒரு கன்னடப் பொண்ணை வெச்சிருந்தேன். "எதுக்கு ஆன்ட்டி ஒவ்வொரு போட்டோவுக்கும் இவ்ளோ நீளம்? சும்னே பேரு மட்டும் போட்டா ஆகாதா?"ன்னு அழுவா.

"ஏண்டி, பெத்தவங்க வேண்டாத தெய்வமெல்லாம் வேண்டிப் பெத்த பிள்ளைங்க. பத்து எழுத்து கூட அடிச்சா உன் விரல் தேஞ்சா போயிடும்?"னு ஒரு அதட்டு அதட்டுவேன். பாவம், அடிப்பா. சிரஞ்சீவி ரவிக்குமார் பி.இ., சிரஞ்சீவி சிவப்பிரகாசம் எம்.காம்.னு இங்கிலீஷ் எழுத்துல முழுசா அடிச்சு ஏறக்குறைய அறுபது பையன்களை ஏத்தி வெச்சா. அப்புறம் அவளுக்கே கல்யாணம் ஆகி மைசூருக்குப் போயிட்டா.

இன்னொரு சட்டமும் உண்டு. போட்டோவை நான் கையில வெச்சுக்க மாட்டேன். கம்ப்யூட்டர்ல ஏத்தின கையோட திருப்பி அனுப்பிடுவேன். கல்யாணம் ஆகாத பிள்ளைங்க போட்டோ அடுத்தவங்க வீட்டு டிராயர்ல கிடக்கக் கூடாது. ஜாதகம் மட்டும் என் பீரோவுல இருக்கும். ஜாதகத்துல பேரு உண்டு, மூஞ்சி கிடையாது. மூஞ்சிக்கு நான் கம்ப்யூட்டரைத்தான் நம்பணும். பொண்ணுங்களை நேர்ல பாக்காம பதிவு பண்ண மாட்டேன், அதனால அத்தனை பேரும் எனக்கு மனப்பாடம். பையன்கள் அப்படி இல்லை. போட்டோ தபால்ல வரும், பையன் துபாய்லயோ புனாவுலயோ இருப்பான். எவன் எவன்னு பேரைப் படிச்சாத்தான் எனக்குத் தெரியும்.

இப்ப என் பொண்ணைப் பத்திச் சொல்லணும். கிருத்திகா. அப்ப அவளுக்கு இருபத்தொம்பது வயசு. பிரேசர் டவுன்ல ஒரு ஸ்கூல்ல பி.டி. டீச்சர். அழகு, குணம், சம்பளம் எதுலயும் குறை சொல்ல முடியாது. உயரம் மட்டும் அஞ்சடி பத்து. அவங்கப்பா வழி. அந்த மனுஷன் போறப்ப எதையும் வெச்சிட்டுப் போகலை, இதை மட்டும் குடுத்துட்டுப் போனாரு.

கடைக்காரி தன் வீட்டுக்கு நல்ல தேங்காயா எடுத்து வெக்கிற மாதிரி, எனக்கு வர்ற ஒவ்வொரு ஜாதகத்தையும் முதல்ல கிருத்திகாவுக்குத்தான் பாப்பேன். அந்தப் பையன் போட்டோவைக் கம்ப்யூட்டர்ல அவளுக்குக் காட்டுவேன். ஒரு பார்வை பாத்துட்டு, "உன் இஷ்டம்மா"ன்னு எழுந்து போயிடுவா. நான் அவ போட்டோவை அனுப்புவேன். ரெண்டு நாள்ல போன் வரும். உயரம் ஜாஸ்திம்பாங்க. ஒருத்தர் பாக்கி இல்லாம எல்லாரும் அதையேதான் சொன்னாங்க, சுத்தி வளைச்சோ நேரடியாவோ. பெத்தவ நான் அதைப் போய் அவகிட்ட சொல்வேனா? "ஜாதகம் பொருந்தலைடி கண்ணு"ன்னு சொல்லிடுவேன். அவளும் சரின்னு விசிலைக் கழுத்துல மாட்டிக்கிட்டு ஸ்கூலுக்குக் கிளம்பிடுவா. இவளுக்குக் கல்யாணத்துல அக்கறையே இல்லையேன்னு எனக்குக் கோவம் கோவமா வரும்.

ரெண்டாயிரமாவது வருஷம் ஆடி முடிஞ்ச கையோட ஓசூர்லேர்ந்து ஒரு இடம் வந்துச்சு. பையன் பேரு மணிவாசகன். ஆறடி ஒரு அங்குலம். அந்த அங்குலத்தைப் படிச்சப்ப எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. ஜாதகம் பத்துக்கு எட்டுப் பொருத்தம். பையனோட அம்மா ரத்தினம்மாள் போன்ல சொல்லிட்டாங்க: "புதன்கிழமை சாயந்திரம் ஏழு மணிக்குப் போன் பண்றேன். போட்டோவைப் பொண்ணு பாத்தாச்சு, சரின்னு சொன்னீங்கன்னா ஞாயித்துக்கிழமை ஓசூர்லேர்ந்து வண்டி எடுப்போம். போன ப்ரோக்கர் எங்க பையன் போட்டோவைத் தொலைச்சிட்டான். அதோட அவனைத் தலை முழுகிட்டோம். நீங்களாவது பத்திரமா பாத்துக்கங்க."

"என் உயிரைக் குடுத்துப் பாத்துக்கறேங்க"ன்னேன். சொன்ன வாய்க்குச் சக்கரை போடணும்.

அந்தப் போட்டோ இ-மெயில்ல வந்துச்சு. எனக்கு ஏது இ-மெயில்? எங்க மாடி ரூமுல குடியிருந்த பாலகுமாருக்கு வந்துச்சு. பாலு திருப்பத்தூர்ப் பையன். அடுகோடிப் பக்கம் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில வேலை. வாடகை ஒழுங்கா குடுப்பான், சிகரெட் கிடையாது, சத்தம் கிடையாது. ஒரே ஒரு கெட்ட பழக்கம், லினக்ஸ். புதுசா மதம் மாறினவன் மாதிரி பாக்கறவங்களை எல்லாம் இழுத்து வெச்சு அதைப் பத்திப் பேசுவான். பால்காரன்கிட்ட கூடப் பேசியிருக்கான்.

ஃப்ளாப்பியில போட்டோவைக் கொண்டுவந்து என் கம்ப்யூட்டர்ல ஏத்தினான். என் சட்டப்படி சிரஞ்சீவி மணிவாசகன்னே பேரு வெச்சான். நான் அப்ப அடுப்புல குழம்பை வெச்சிட்டு வந்த அவசரம், சாவகாசமா பாத்துக்கலாம்னு இருந்துட்டேன். ஏத்தி முடிக்கறதுக்குள்ள கம்ப்யூட்டர் ரெண்டு தடவை நின்னுபோச்சு. திரை பூரா நீலமா ஆகி இங்கிலீஷ்ல ஏதோ திட்டிச்சு.

"ஆன்ட்டி, இந்த விண்டோஸைத் தூக்கிப் போடுங்க. வைரஸ் புகுந்தா உங்க அறுபது மாப்பிள்ளையும் காலி. அதுக்குப் பதிலா கம்ப்யூட்டரை ஓட்ட நான் லினக்ஸ் போட்டுத் தரேன். ஆயுசுக்கும் நிக்காது. ஒரு பைசா செலவில்லை"ன்னான்.

ஒரு பைசா செலவில்லைன்னு யாராவது சொன்னா எனக்கு அங்கேயே உறைச்சிருக்கணும். ஆனா பாருங்க, வைரஸ்னு சொல்லிப் பயமுறுத்திட்டான். சரிடா செய்னு சொல்லிட்டேன்.

செவ்வாய்க்கிழமை லீவு போட்டுட்டு உக்காந்தான். புதுசா ஒரு டிஸ்க் வாங்கிட்டு வந்து மாட்டினான். அதுல லினக்ஸ் போட்டான். இப்ப பழைய டிஸ்க்ல இருக்கற போட்டோவை எல்லாம் புது டிஸ்க்குக்கு மாத்தணும்னான். விண்டோஸ் எழுதி வெச்சதை லினக்ஸ் படிக்கணும்னா நடுவுல ஒரு டிரைவர் வேணுமாம்.

"டிரைவரா? அவனுக்குச் சம்பளம் யாருடா குடுக்கறது?"

"ஐயோ ஆன்ட்டி, அது ஒரு ப்ரோக்ராம். அவங்க பாஷையை நம்ம பாஷைக்கு மாத்திச் சொல்ற ஆள்னு வெச்சுக்கங்க."

எதையோ தட்டினான். திரையில வரிசையா பேரு ஓடுச்சு. நான் கண்ணாடியை மாட்டிக்கிட்டுப் பாத்தேன். சிரன்னு ஆறு இங்கிலீஷ் எழுத்து, அதுக்கப்புறம் புழு நெளியற மாதிரி ஒரு கோடு, அதுக்கப்புறம் ஒண்ணு. அடுத்த வரி, அதே சிரன், புழு, ரெண்டு. அப்புறம் மூணு. அப்புறம் நாலு. கீழ வரைக்கும் அதே கதை.

"என்னடா இது, பேரெல்லாம் எங்கே? வாலு மட்டும் முளைச்சு நிக்குது?"

"அது சும்மா காட்டறதுதான் அப்படி, ஆன்ட்டி. உள்ள முழுப்பேரும் பத்திரமா இருக்கும். பாருங்க, எத்தனை வேகமா காப்பி ஆகுது!"

வேகமாத்தான் ஆச்சு. அதோட விட்டானா? பழைய டிஸ்க்கைத் துடைச்சுட்டா இன்னும் நிறைய இடம் கிடைக்கும்னு சொல்லி, நான் காபி போட்டு எடுத்துட்டு வர்றதுக்குள்ள அதை வழிச்சு எடுத்த இட்லிப் பாத்திரமாட்டம் சுத்தமா துடைச்சு வெச்சிட்டான். அந்த ஃப்ளாப்பியையும் விடலை. லினக்ஸ் கிளப்பறதுக்கு ஒரு ஃப்ளாப்பி வேணும்னு அதையும் அழிச்சிட்டு அது மேலயே எழுதிட்டான். அவன் மெயில் பெட்டியில இடம் போதலைன்னு அந்த இ-மெயிலை ஏத்தின அன்னிக்கே தூக்கிப் போட்டிருக்கான். இவ்வளவு சுத்தக்காரனை நான் ஜென்மத்துல பாத்ததில்லை.

புதன்கிழமை மத்தியானம் சாப்பிட்டு எழுந்தப்ப, தன் பொண்ணை என்கிட்ட பதிவு பண்ணியிருந்த சரசு வந்தா. பிரேசர் டவுன்லேர்ந்து பொண்ணையும் கூட்டிக்கிட்டு, தலையில பூ வெச்சு, சிரஞ்சீவி ரவிக்குமார் பி.இ. போட்டோவைப் பாக்க வந்திருந்தா. மூணு மாசமா சொல்லிச் சொல்லி வெச்ச இடம். பாலு அன்னிக்கும் லீவு, பெருமையா கம்ப்யூட்டரைத் திறந்தான். நாலாவதா இருப்பாருன்னு ஒரு கணக்குப் போட்டு நாலாவதை அமுக்கினான்.

திரை பூரா ஒரு மூஞ்சி வந்துச்சு. முன் வழுக்கை, மீசையில நரை, கழுத்துல மைனர் செயின்.

"ஐயோ சாமி! இதுவா இருபத்தேழு வயசு?"ன்னு சரசு நாற்காலியை விட்டு எழுந்துட்டா. அந்தப் பொண்ணு முந்தானையை வாயில வெச்சுக்கிட்டு அழறாளா சிரிக்கறாளான்னு தெரியலை. அது ரெண்டாந்தாரத்துக்குப் பதிவு பண்ணின தர்மபுரி ஆளு. அந்த ஒருத்தரை மட்டும் எனக்கு மறக்காது.

"கம்ப்யூட்டர் மக்கர் பண்ணுது சரசு, நாளைக்கு வாம்மா"ன்னு கையில குங்குமத்தைக் குடுத்து அனுப்பிட்டு, கதவைச் சாத்திட்டு பாலு பக்கம் திரும்பினேன். நான் கேட்ட கேள்வியெல்லாம் இங்கே எழுத முடியாது. சுருக்கமா, சோத்தைத் திங்கறியா வேற எதையாவது திங்கறியான்னு ஆரம்பிச்சேன்.

அவன் மூஞ்சி வெளுத்துப் போச்சு. கடகடன்னு தட்டினான். தலையைச் சொறிஞ்சான். ஒரு தடிப் புஸ்தகத்தை மாடியிலேர்ந்து எடுத்துட்டு வந்து படிச்சான். அப்புறம் மெதுவா வாயைத் திறந்தான்.

விஷயம் இதுதான். அந்த டிரைவர்ல ரெண்டு தினுசு உண்டாம். ஒண்ணு ஆதி காலத்துது. அதுக்கு எட்டெழுத்துக்கு மேல பேரே தெரியாது. இன்னொண்ணு புதுசு, எவ்வளவு நீளமா இருந்தாலும் படிக்கும். என் கம்ப்யூட்டர்ல மெமரி கம்மின்னு இந்த மகராசன் லினக்ஸை அளவெடுத்துத் தைச்சிருக்கான். தைக்கறப்ப 'இது எதுக்கு வேண்டாத எடை'ன்னு புது டிரைவரை வெட்டிட்டு, பழசை மட்டும் வெச்சுக்கிட்டான். பழைய டிரைவருக்கு விண்டோஸ் ஒதுக்கி வெச்ச குட்டைப் பேருதான் கண்ணுல பட்டிருக்கு. முதல் ஆறெழுத்து, ஒரு புழு, ஒரு நம்பர். அதையே நெசப் பேருன்னு நினைச்சு காப்பி எடுத்துடுச்சு. முழுப்பேரெல்லாம் பழைய டிஸ்க்ல இருந்துச்சு. அதைத்தான் இவன் துடைச்சிட்டானே.

"மத்தவங்க மாதிரி வெறும் பேரு வெச்சிருந்தீங்கன்னா ஆறெழுத்துல பாதியாவது தெரிஞ்சிருக்கும், ஆன்ட்டி. ரவிக்கு, சிவப்பின்னு கண்டுபிடிச்சிருக்கலாம். நீங்க எல்லாருக்கும் சிரஞ்சீவி போட்டதால..."

"வாயை மூடுடா! மரியாதை குடுத்தது என் தப்பா?"

மூடிக்கிட்டான். மணி மூணு ஆச்சு. ஏழு மணிக்கு ரத்தினம்மாள் போன். ஆறடி ஒரு அங்குலம் அந்த அறுபதுல எங்கேயோ பேரில்லாம உக்காந்திருக்கு. மறுபடியும் போட்டோ அனுப்புங்கன்னு கேட்டா, முதல் போட்டோ என்னாச்சும்பாங்க. போன ப்ரோக்கருக்கு நடந்ததுதான் எனக்கும். பொண்ணு பாத்துட்டான்னு பொய் சொல்லலாம்தான். ஆனா அந்தம்மா வக்கீல் மாதிரி குறுக்குக் கேள்வி கேக்கற ரகம். நான் பாட்டுக்கு மீசை எடுப்பா இருக்குன்னு சொல்லி, அவனுக்கு மீசையே இல்லைன்னா?

"டேய், நீதானே ஏத்தினே? மூஞ்சி ஞாபகமில்லையா?"

"பேரை சரியா அடிக்கறதுலயே கவனமா இருந்தேன் ஆன்ட்டி. போட்டோவைத் திறந்து பாக்கலை."

நம்பர் வரிசைப்படி பாக்கலாம்னான். முதல்ல பதிவு பண்ணினவன் ஒண்ணு, அடுத்தவன் ரெண்டு, கடைசியா வந்த மணிவாசகன் கடைசி நம்பரு. எனக்கும் நியாயமா பட்டுச்சு. கடைசி நம்பரைத் திறந்தா கழுத்துல ஸ்டெதாஸ்கோப் போட்ட யாரோ ஒரு டாக்டர். மணிவாசகனுக்குச் சிமென்ட் கம்பெனியில வேலை. அப்புறம்தான் புத்தகத்துல படிச்சுட்டுச் சொல்றான், ஒருத்தனுக்குக் கல்யாணம் ஆகி அவன் போட்டோவை எடுத்துட்டா, அந்த நம்பர் காலியாகி அடுத்து வர்றவனுக்குப் போயிடுமாம். நான் வருஷத்துக்கு இருபது கல்யாணம் முடிக்கறவ. பஸ்ஸுல சீட்டு மாறின மாதிரி அத்தனை பேரும் மாறி உக்காந்திருக்காங்க. தேதியைப் பாக்கலாமேன்னேன். எல்லாத்துக்கும் நேத்து தேதி. காப்பி எடுக்கறப்ப அதையும் மாத்தித் தொலைச்சிருக்கான்.

"அப்ப உயரமா இருக்கறவனைத் தேடுவோம் ஆன்ட்டி!"

தேடினோம். மார்பு வரைக்கும் எடுத்த போட்டோவுல உயரத்தை எங்கே தேடறது? நாலடி ஆளும் ஆறடி ஆளும் ஒரே சைஸுல முறைக்கிறாங்க. கழுத்து நீளமா இருக்கறவங்களைப் பொறுக்குவோம்னு ஆரம்பிச்சு ஏழு கழுத்தைத் தனியா எடுத்து வெச்சான் பாலு. அதுல ஒண்ணு பக்கத்துத் தெரு ஜெகதீசன், அவனை நான் தினம் பாக்கறேன், என் தோள் உயரம்தான். போதாக்குறைக்கு பாதிப் பேரு பஜார் தெரு ஸ்டூடியோவுல ஒரே நீலக் கோட்டை இரவல் வாங்கி மாட்டிக்கிட்டு உக்காந்திருக்காங்க. கோட்டைப் பாத்தா எல்லாரும் அண்ணன் தம்பி மாதிரியே இருக்கு.

வேற வழியில்லாம போனை எடுத்தேன். மத்தவங்களைக் கண்டுபிடிச்சு ஒவ்வொருத்தரா கழிச்சுக்கிட்டு வந்தா மிச்சம் இருக்கறவன் மணிவாசகன்தானே. முதல்ல சேலத்துக்குப் போட்டேன்.

"நமஸ்காரங்க, பாகீரதி பேசறேன். உங்க பையனுக்கு மூக்கு எப்படிங்க இருக்கும்?"

"ஏங்க? அவன் மூக்குக்கு என்ன ஆச்சு?"ன்னு அந்தம்மா அலறின அலறல்ல பாலு காதைப் பொத்திக்கிட்டான். இன்னொரு வீட்டுல அப்பா எடுத்தாரு. போட்டோவுல என்ன கலர் சட்டைன்னு கேட்டேன். "எங்க பையன்கிட்ட நாப்பது சட்டை இருக்கு. சட்டையைப் பாத்தா பொண்ணு குடுக்கறாங்க உங்க ஊர்ல?"ன்னு வெச்சிட்டாரு. மூணாவது வீட்டுல, "என் பிள்ளை இப்ப தாடி வெச்சிருக்கான், அது போட்டோவுல இருக்கா?"ன்னு என்னையே திருப்பிக் கேட்டாங்க. அத்தோட போனை வெச்சேன்.

அஞ்சரை மணிக்கு கிருத்திகா வந்தா. டிராக் சூட்டு, விசில், கையில வாலிபால் வலை. எங்க வீட்டு நிலைப்படியில வழக்கம் போல தலையைக் குனிஞ்சு நுழைஞ்சா. நாங்க ரெண்டு பேரும் உக்காந்திருந்த கோலத்தைப் பாத்து, "என்னம்மா, யாராவது போயிட்டாங்களா?"ன்னு கேட்டா.

ஒண்ணுமில்லைடின்னு நான் சொல்றதுக்குள்ள இந்த பாலு, பெரிய அரிச்சந்திரன், ஒண்ணு விடாம கொட்டிட்டான். டிரைவர், எட்டெழுத்து, ஓசூரு, ஏழு மணி, எல்லாம். அவ நின்னுக்கிட்டே கேட்டா. சிரிப்பாள்னு நினைச்சேன். சிரிக்கலை. வலையைக் கீழ வெச்சா.

"தள்ளு பாலு. ஒவ்வொண்ணா திற. நான் சொல்றேன், நீ பேரை அடி."

"உனக்கெப்படிடி தெரியும்? ஒருத்தனையாவது நீ முழுசா பாத்திருக்கியா?"

"ஸ்கூல்ல நானூறு பிள்ளைங்க மூஞ்சியும் பேரும் எனக்குத் தெரியும்மா. இது அறுபதுதானே."

முதல் மூஞ்சி வந்துச்சு. "சிவப்பிரகாசம். எம்.காம். ஈரோடு. பக்கத்துல நின்னா பையனுக்கு அக்கா மாதிரி தெரியும்."

பாலு அடிச்சான். எனக்கு சந்தோஷம் தாங்கலை. பேரு கிடைச்சிடுச்சே! ஓடிப்போய் பீரோவைத் திறந்து ஜாதகத்தை எடுத்துப் பாத்தேன். எம்.காம்., ஈரோடு, எல்லாம் சரி. "என் ராசாத்தி! அடுத்ததைச் சொல்லுடி!"ன்னேன்.

"சந்தானகிருஷ்ணன். பி.எஸ்சி. வேலூர். கல்யாண மேடையில பொண்ணு குனிஞ்சாத்தான் தாலி ஏறும்."

"அடுத்தது, அடுத்தது!"

"ரவிக்குமார். பி.இ. பொண்ணோட சேத்து ஒரு ஸ்டூலும் வாங்கணுமான்னு அவங்க மாமா கேட்டாரு. கேட்டுட்டு ரொம்ப நேரம் சிரிச்சாரு."

சரசுவோட ரவிக்குமார்! அப்பாடான்னு நான் ஜாதகத்தைத் தேடிக்கிட்டிருந்தேன். தேடிக்கிட்டே இருந்தவ அப்படியே நின்னுட்டேன். ஸ்டூல் விஷயம் எனக்குத் தெரியும். என் காதுல விழுந்த பேச்சு அது. போன்ல. என் காதுல மட்டும்தான் விழுந்ததுன்னு இத்தனை நாளா நினைச்சுக்கிட்டிருந்தேன்.

"லோகேஸ்வரன். எம்.சி.ஏ. வெயில்ல நின்னு கருத்திருக்கா, அதையாவது பொறுத்துக்கலாம், உயரத்தை என்ன பண்றது. இது டாக்டர், தனசேகரன். பொண்ணு நல்லா இருக்கு, பாதி இருந்திருந்தா இன்னும் நல்லா இருக்கும்."

குரல்ல ஒரு ஏத்த இறக்கம் இல்லை. காலையில வரிசையில நிக்கிற பிள்ளைங்களுக்கு அட்டெண்டன்ஸ் எடுக்கற அதே குரல். மூஞ்சி வந்ததும் பேரு, படிப்பு, ஊரு, அப்புறம் அவங்க சொன்னது. பாலு பித்துக்குளி, அவ சொன்னது அத்தனையும் பேருன்னு நினைச்சு ஒண்ணு விடாம அடிச்சுக்கிட்டிருந்தான். "லினக்ஸ்ல இருநூத்தம்பது எழுத்து வரைக்கும் பேரு வெக்கலாம், ஆன்ட்டி. எல்லாம் பிடிக்குது!"ன்னு நடுவுல என்னைப் பாத்துப் பெருமையா சொன்னான். என் மூஞ்சியைப் பாத்துட்டு அவன் விரல் நின்னுபோச்சு.

"ஏன் நிறுத்திட்டே பாலு? அடுத்தது திற."

வழுக்கைத் தலை வந்துச்சு. மைனர் செயின்.

"தர்மபுரி. அரிசி மண்டி. ரெண்டாந்தாரம். குழந்தைங்க பயந்துக்குமாம்."

"கிருத்தி, போதும்டி. நிறுத்து."

"இவருக்கு நீ ஏம்மா அனுப்பினே?"

அப்ப எனக்குப் பயம். இருபத்தொம்பது முடியப் போகுதேன்னு பயம். அதை எப்படிச் சொல்றது? "யாருடி உனக்கு இதெல்லாம் சொன்னது?"ன்னு மட்டும் கேட்டேன்.

"யாரும் சொல்லலை. நீ இங்கே பேசறப்ப உள் ரூமுல இதே லைன்ல பேரலல் போன் இருக்குல்ல? முதல் தடவை தெரியாம எடுத்தேன். அப்புறம் தெரிஞ்சேதான் எடுத்தேன். நீ அவங்ககிட்ட எவ்ளோ தன்மையா பேசுவேம்மா. பரவாயில்லைங்க, வேற பொண்ணு காட்டறேங்கன்னு சொல்லுவே. வெச்சப்புறம் கொஞ்ச நேரம் முன் ரூமுல சத்தமே இருக்காது. அப்புறம் வந்து ஜாதகம் பொருந்தலைடி கண்ணும்பே."

"தெரிஞ்சுக்கிட்டே ஏண்டி ஒரு வார்த்தை சொல்லலை?"

"நீ எனக்காகக் கஷ்டப்பட்டுப் பொய் சொல்றே. அதை ஏன் கெடுக்கணும்னு விட்டுட்டேன்."

நான் அப்படியே கட்டில்ல உக்காந்துட்டேன். கட்டில்ல பரப்பி வெச்ச ஜாதகமெல்லாம் என் அடியில நசுங்குச்சு. அழுகை வந்துச்சு, அடக்கலை. அவ என் பக்கத்துல வரலை, திரையைப் பாத்துக்கிட்டே இருந்தா. "முடிச்சிடறேன்மா. ஏழு மணிக்குள்ள வேணும்ல?"ன்னு திரும்பவும் ஆரம்பிச்சா. ஜெகதீசன் வந்தான். நீலக் கோட்டு வரிசையா வந்துச்சு. ஒரு கோட்டுக்கும் இன்னொரு கோட்டுக்கும் அவ தடுமாறலை. பாலு இப்ப பேரை மட்டும்தான் அடிச்சான். மிச்சத்தை அடிக்கலை. மூக்கை உறிஞ்சிக்கிட்டே அடிச்சான்.

ஆறே முக்காலுக்கு ஒரு மூஞ்சி வந்துச்சு. சாதாரண மூஞ்சி. கொஞ்சம் தூங்கி எழுந்த கண்ணு, கட்டம் போட்ட சட்டை, மீசை உண்டு. கிருத்திகா பாத்துக்கிட்டே இருந்தா. பாலு திரும்பி அவளைப் பாத்தான்.

"இவனைத் தெரியலை"ன்னா.

"நல்லா பாரு கிருத்திகா"ன்னான் பாலு.

"நல்லாத்தான் பாத்தேன். மத்த அம்பத்தொம்பது பேரையும் எனக்குத் தெரியும். இவன் ஒருத்தன்தான் இன்னும் என்னை வேணாம்னு சொல்லலை." என் பக்கம் திரும்பினா. "இந்தாம்மா, உன் ஆறடி ஒரு அங்குலம்."

சிரிச்சுக்கிட்டுத்தான் சொன்னா. நான் நசுங்கின ஜாதகத்தை ஒவ்வொண்ணா நீவி அடுக்கினேன்.

சரியா ஏழு மணிக்குப் போன் அடிச்சுது. நான் மூஞ்சியைத் துடைச்சுக்கிட்டு எடுத்தேன். கிருத்திகா உள் ரூமுக்குப் போகலை. அங்கேயே, என் எதிர்லயே நின்னா.

"என்ன பாகீரதிம்மா, பொண்ணு போட்டோ பாத்தாச்சா?"ன்னு ரத்தினம்மாள் கேட்டாங்க.

"பாத்தாச்சுங்க. கட்டம் போட்ட சட்டை."

"அப்ப சரி. ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு நாங்க ஒரு ஆறேழு பேரு வர்றோம். பொண்ணைப் பாத்துட்டு, ஊருக்குப் போய் கலந்து பேசி பதில் சொல்லி அனுப்பறோம்."

ஊருக்குப் போய் பதில் சொல்லி அனுப்பறோம். இருபது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன், ஆயிரம் தடவை கேட்டிருப்பேன் இந்த வார்த்தையை. நானே எத்தனையோ பொண்ணு வீட்டுக்காரங்களுக்கு எடுத்துச் சொல்லியிருக்கேன், அதானே முறைன்னு. அன்னிக்கு என்னமோ சுருக்குன்னுச்சு.

"இல்லைங்க. ஆறேழு பேரு வேணாம். பையனை மட்டும் அனுப்பி வைங்க. ரெண்டு பேரும் உக்காந்து பேசட்டும். பதிலை முதல்ல என் பொண்ணு சொல்லுவா. அவ சரின்னு சொன்னப்புறம் நீங்க கலந்து பேசுங்க."

அந்தப் பக்கம் ஒரு மூச்சு சத்தம். "பையன் வீட்டுக்காரங்க நாங்க."

"தெரியுதுங்க."

"இது என்ன ஊர்ல இல்லாத வழக்கம்?"

"எங்க ஆபீஸ் வழக்கம்ங்க. இன்னிலேர்ந்து."

டொக்குன்னு வெச்சிட்டாங்க. நானும் வெச்சேன். அடிப்பாவி, என்ன காரியம் பண்ணிட்டே, வாராது வந்த ஒரே ஒரு இடம், அதையும் நாக்கை அடக்காம கெடுத்துட்டியேன்னு என்னையே திட்டிக்கிட்டேன். பாலு வாயைப் பொளந்துக்கிட்டு உக்காந்திருந்தான். கிருத்திகா என்னையே பாத்துக்கிட்டு நின்னா. அவ மூஞ்சியை நான் அந்த மாதிரி பாத்து எவ்வளவோ வருஷம் இருக்கும். வாலிபால்ல கப்பு வாங்கிட்டு வந்த அன்னிக்கு அப்படி இருந்தா.

அஞ்சு நிமிஷம் போயிருக்கும். மறுபடி போன் அடிச்சுது. நான் கையை நீட்டினேன்.

"நீ உக்காரும்மா"ன்னு சொல்லிட்டு கிருத்திகா வந்து எடுத்தா. ரத்தினம்மாள் குரல் இல்லை. ஆம்பளைக் குரல், கொஞ்சம் தயங்கித் தயங்கிப் பேசுது. அவ விசிலைக் கழுத்துலேர்ந்து கழட்டி மேஜை மேல வெச்சிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்தா.

"ஆமாங்க, பொண்ணுதான் பேசறேன். சொல்லுங்க."